கச்சான் அடித்த இரவு

தம்பலகாமத்துக் காவலில் முப்பத்தொரு பேர் இருந்தோம்.
செய்தி கொண்டுவந்தவன் ஓடியே வந்திருந்தான்.
மூச்சு அடங்கியபின் இரண்டு சொல்:
"இலக்கந்தை. பாய்."
எத்தனை பாய் என்றார் மாப்பாணர்.
அவன் தன் விரல்களைப் பார்த்தான்,
பிறகு எங்கள் விரல்களையும்.

உலை கொதித்துக்கொண்டிருந்தது.
அரிசி போடாமலே புறப்பட்டோம்.

வயல் வரம்பு ஓராள் அகலம்.
முன்னே போகிறவன் முதுகைக் குத்தாமல்
ஈட்டியைச் சாய்த்துப் பிடித்து ஓடவேண்டும்.
வீரகத்தி இரண்டு தரம் சேற்றில் விழுந்தான்.
இரண்டாம் தரம் சிரிக்க
எவனிடமும் மூச்சு இல்லை.

கங்கைத் துறையில் ஓடக்காரன் தூக்கத்தில்.
தட்டி எழுப்பினால் கூலி கேட்டான்.
"கடற்கள்ளன் வாறான்" என்றோம்.
"அவனும் கூலி தந்துதான் கடப்பான்" என்றான்.
மாப்பாணர் காதிலிருந்து கடுக்கனைக் கழற்றினார்,
ஒன்றை மட்டும்.
மற்றது திரும்பி வரும்போது.

மூதூர் உறங்கிக்கொண்டிருந்தது.
கட்டைபறிச்சானில் களப்புத் தண்ணீர் இடுப்புவரை.
வழி முழுக்க எனக்குள் ஓர் ஊர் எரிந்தது,
நான் கண்டேயிராத ஊர்.
எட்டி வைத்த அடிக்கு ஒன்றாய்க் கூரைகளை அணைத்தேன்;
நின்று மூச்சு வாங்கிய இடத்தில்
இன்னொன்று பற்றியது.

சம்பூர் கடந்ததும் கச்சான் எழுந்தது.
முதுகில் கைவைத்துத் தள்ளியது.
பந்தங்களின் சுவாலை எங்களை முந்திக்கொண்டு ஓடியது.
"கூவுங்கள்," என்றார் மாப்பாணர்,
"முன்னூறு பேர் என்று நினைக்கட்டும்."
முன்னூறு பேராய்க் கூவினோம்.

ஊர் எரியவில்லை.
ஊர் இருந்தது, ஆட்கள் இல்லை.
படலைகள் திறந்து கிடந்தன.
ஓர் அடுப்பில் பானை, மூடி இன்னும் குலுங்கியபடி.
மணலில் கால்தடங்கள் எல்லாம் காட்டைப் பார்த்து;
சின்னத் தடங்கள் பாதியில் நின்றன,
யாரோ தூக்கிக்கொண்டிருக்கவேண்டும்.

கடலில் மூன்று பாய்,
வெட்டிப்போட்ட நகங்கள்போல.
கரைக்கு முகம் வைத்திருந்தன, கரைக்கு வர முடியவில்லை.
கச்சான் அவற்றை வெளியே வெளியே தள்ளியது.
வாளை உருவிக்கொண்டு நின்றோம்.
வேலையைக் காற்று பார்த்தது.
கிழக்கு வெளுத்தபோது கடல் மட்டும் இருந்தது.

அப்போதுதான் வயிறு நினைவுக்கு வந்தது.
பானையின் மூடியை முதலில் திறந்தது யார் என்று
இன்றுவரை எங்களில் ஒருவரும் சொன்னதில்லை.
நான்தான்.
குரக்கன் கூழ், திருக்கைத் துண்டுகள்.
பிறகு அடுத்த வீட்டுப் பானை.
பிறகு பந்தலில் காய்ந்த கருவாடு.
வீரகத்தி ஒரு கோழியைத் துரத்திக்கொண்டு போனான்,
இம்முறை வழுக்காமல்.

வெயில் ஏறியபின் காட்டிலிருந்து ஒருத்தி வந்தாள்,
கையில் உலக்கை.
"ஆர் நீங்க?"
"காக்க வந்தோம்" என்றார் மாப்பாணர்,
ஒற்றைக் கடுக்கனோடு.
அவள் பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.
இறகுகளைப் பார்த்தாள்.
என் தாடியில் ஒட்டியிருந்த கூழைப் பார்த்தாள்.
"ராத்திரிக் கூவினது?"
"நாங்கள்தான்."

"பாய் ரெண்டு நாளா அங்கதான் நிண்டது.
நாங்க இஞ்சதான் இருந்தம்.
உங்கட கூவலுக்குத்தான் ஓடினம்."

பிறகு காட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்:
"வெளியில வாங்க, நம்மட ஆக்கள்தான்!
கோழியளை மட்டும் கையிலயே வச்சிருங்க!"

மாப்பாணர் ஒன்றும் பேசவில்லை.
மற்றக் கடுக்கனைக் கழற்றி
வெறும் பானையின் மூடிமேல் வைத்தார்.
அவள் அதைத் தொடவுமில்லை, தள்ளவுமில்லை.

திரும்பும் வழியில் கங்கைத் துறை.
ஓடக்காரன் விழித்திருந்தான்.
கையை நீட்டினான்.
முப்பத்தொரு பேரும் வாளைத் தலையில் கட்டிக்கொண்டு
முதலைகள் வெயில் காயும் மணலைப் பார்த்தபடி
நீந்தினோம்.